வெள்ளிக்கிழமை கிடைத்த பித்தளை வளையம்

உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை கூட்டும்போது, தரையில் கேட்பாரற்று ஒரு பித்தளைச் சாமான் கிடந்தால் என்ன செய்வீர்கள்?

எடுத்து மேசைமேல் வைப்பேன் என்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இந்த வாரம் நான் சொல்லப்போவது உங்கள் வீட்டில் நடந்தே இருக்காது. எங்கள் வீட்டில் நடந்தது.

போன வாரம் ஹாஸ்டல் உப்புமாவைப் பற்றி எழுதியதற்கு, பழைய தோழிகள் வாட்ஸ்அப் குரூப்பில் என்னை வைத்து வறுத்துவிட்டார்கள். அதனால் இந்த முறை சாப்பாட்டுப் பக்கமே போகவில்லை. கேமரா பக்கம் போகிறேன்.

யாருக்குக் கல்யாணம்?

கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தச் சுவர்தான். நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவர். பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்பு. ரோட்டில் காயப்போட்ட மக்காச்சோளத்தின் வாசனை கொல்லை வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

சுவரில் நடுவில் ஒன்றும் நான்கு மூலைகளில் நான்குமாகக் கல்யாணப் பத்திரிகைகளைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தோம். எல்லாம் ஒரே கல்யாணத்தின் பத்திரிகை. அப்பா ஊருக்கெல்லாம் கொடுத்து மிச்சம் வைத்திருந்தது, என் அக்காவுடையது.

எதிரே மூன்று கால் ஸ்டாண்டில் மரப்பெட்டி கேமரா. அதன் பின்னால் அப்பாவின் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நான். காட்டுக் காவலுக்குப் போகும்போது அப்பா போர்த்துகிற கம்பளி அது. பீடி வாசனையில் தலை சுற்றும்.

கேமராவின் முதுகில் சொரசொரப்பான கண்ணாடி ஒன்று இருக்கும். எதிரே இருப்பது அதில் தலைகீழாக விழும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நடுப் பத்திரிகையில் அக்கா பேர், மாப்பிள்ளை பேர், வாங்கின பட்டம் வரைக்கும் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. மூலைப் பத்திரிகைகளில் ஒன்றுமே இல்லை. மழையில் நனைந்த மாதிரி எழுத்தெல்லாம் ஊறிப்போய்க் கிடந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கோவிந்தன் மாமா வந்து நின்றார். பக்கத்து வீடு. எதையும் கேட்காமல் போகமாட்டார்.

"இன்னாமா பவி, சொவுரு பூரா பத்திரிகை ஒட்டிக்கினு கீற? யாருக்குக் கல்யாணம்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேன்மொழி பதில் சொன்னாள். "கேமராவுக்கு மாமா."

"மாப்ள யாரு?"

"அதத்தான் தேடிக்கினு இருக்கிறோம்."

அவர் நம்பிக்கொண்டு போனாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பெரியப்பாவின் தலை

தேன்மொழி என் வகுப்பு. கள்ளக்குறிச்சியில் காட்சித் தொடர்பியல் படித்தோம். அப்படி ஒரு படிப்பு இருப்பதை எங்கள் ஊரில் யாரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே போகணும்.

அவள் அப்பாவுக்கு ஓர் அண்ணன். அவளுக்குப் பெரியப்பா. சின்னப் பிள்ளையில் ஓடை நிறைந்து ஓடும்போதெல்லாம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவர் அவர்தான். பிறகு கொல்லை எல்லையில் இருந்த ஒரு கடுக்காய் மரத்தை யார் உலுக்குவது என்பதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு முறிந்தது. மரம் அதற்கப்புறம் ஒரு காற்றில் விழுந்துவிட்டது. சண்டை விழவில்லை.

பெரியப்பா கேரளாவில் மிளகுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு மட்டும் வருவார். பொங்கலன்று சொந்தம் மொத்தமும் பாறைமேல் நின்று ஒரு போட்டோ எடுப்பது அவர்கள் வழக்கம். சண்டைக்குப் பிறகு சில வருஷம் அதில் சேர்ந்து நிற்காத அண்ணனும் தம்பியும் கடைசியில் ஒத்துக்கொண்டது ஒரே ஒரு கண்டிஷனில். அவர் அந்தக் கோடி, இவர் இந்தக் கோடி.

அப்படி முதல்முறை நின்றதை, எங்கள் கேமராவுக்கு முந்தைய வருஷம், சொந்தக்காரப் பையன் ஒருவன் போனில் எடுத்தான். எல்லாரும் அடங்க வேண்டும் என்று அகலமாக வைத்து எடுத்துவிட்டான். அப்படி எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்களை இழுத்துவிடும், உங்களுக்கே தெரியும். பெரியப்பாவின் தலை பூசணிக்காய் மாதிரி பக்கவாட்டில் போய்விட்டது. தேன்மொழியின் அப்பா ஓர் அடி உள்ளே தள்ளி நின்றதால் பிழைத்துக்கொண்டார்.

பெரியப்பா அதை லென்ஸின் வேலை என்று நம்பவில்லை. தம்பி வீட்டுப் பிள்ளைகள் வேண்டுமென்றே செய்தது என்று முடிவு கட்டிவிட்டார். அந்தப் படத்தை எல்லார் போனிலிருந்தும் அழிக்கச் சொன்னார். அழித்தார்கள்.

ஆக, சண்டைக்குப் பிறகு எடுத்ததில், தேன்மொழியிடம் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. இந்த வருஷம் நிற்க மாட்டேன் என்று போனில் சொன்ன பெரியப்பாவை அழுது கரைத்தாள். கடைசியில் இறங்கிவந்து ஒன்று சொன்னார்.

"இந்த ஒருவாட்டி நிக்கறேன். என் மூஞ்சிய மறுபடி கெடுத்தானுங்கன்னா, சாவுற வரைக்கும் என்னக் கூப்புடாத."

இதை ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, காய்ந்த துணியையே திரும்பப் பிழிந்தாள்.

பெட்டியும் கண்ணாடியும்

சாதாரண கேமராவில் தள்ளி நின்று எடுத்தால் முடிந்தது என்கிறீர்களா? முடிந்திருக்கும். ஆனால் எங்கள் துறை அலமாரியில் அந்த மரப்பெட்டி இருந்ததே. எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிமில் படம் பிடிக்கிற பெட்டி. இருபது வயசில் அதைப் பார்த்துவிட்டு யார் சும்மா இருப்பார்கள்? கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஃபிலிமில் விழும். சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் மீசை முடியை எண்ணலாம். பெரியப்பாவே வந்து எண்ணிக்கொள்ளட்டும் என்றேன்.

ஃபிலிமுக்கு எக்ஸ்ரே ஷீட். டிஜிட்டலுக்கு மாறிய ஒரு ஸ்கேன் சென்டரில் மிச்சம் கிடந்ததைக் கெஞ்சி வாங்கினோம். அளவு கச்சிதம். ஒரே கெட்ட பழக்கம், சிவப்பைக் கருப்பாகக் காட்டும். சிவப்புச் சேலை கட்டினவர்கள் துக்கத்துக்கு வந்த மாதிரி விழுவார்கள்.

பெட்டி நன்றாக இருந்தது. லென்ஸும் நன்றாக இருந்தது. லென்ஸுக்கு நடுவில் இருந்த ஷட்டர்தான் செத்துப்போயிருந்தது. அமுக்கினால் பாதி திறந்து அப்படியே நிற்கும்.

இங்கே கொஞ்சம் பாடம். ரொம்ப இல்லை. இந்த மாதிரிப் பெரிய லென்ஸ் ஒரே துண்டு கிடையாது. முன்னால் ஒரு செட் கண்ணாடி, பின்னால் ஒரு செட் கண்ணாடி, நடுவில் ஷட்டர். முன்னால் இருப்பதை இந்தப் பக்கத்திலிருந்தும் பின்னால் இருப்பதை அந்தப் பக்கத்திலிருந்தும் மூடி திருகுவதுபோல் திருக வேண்டும். அவ்வளவுதான். அதே சைஸில் பழைய ஷட்டர் ஒன்றை ஆன்லைனில் பிடித்தோம். பொங்கல் லீவுக்கு எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்து, வியாழக்கிழமை சாயங்காலம் கூடத்தில் பாய் விரித்து, கண்ணாடிகளைக் கழற்றிப் புதுசில் திருகினோம். டக் டக்கென்று அமுக்கிப் பார்த்தோம். ஷட்டர் அருமையாக அடித்தது. எங்களுக்கு நாங்களே கைதட்டிக்கொண்டோம்.

மறுநாள் லென்ஸைச் சோதித்தபோதுதான் அந்தச் சுவரும் பத்திரிகையும் ஊறிப்போன எழுத்தும்.

தேன்மொழிதான் கண்டுபிடித்தாள். முன்கண்ணாடியைத் திரும்பக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏய், இங்க இன்னாவோ இருந்திருக்குதுடி" என்றாள். கண்ணாடிக் கூட்டின் விளிம்பு பூராவும் பழைய அழுக்கு. நடுவில் ஒரு வளைய அளவுக்கு மட்டும் புத்தம்புதுசாகப் பளபளத்தது. அவ்வளவு வருஷம் ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்து அழுக்கை மறைத்திருக்கிறது.

நெட்டில் தேடினோம். முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் எவ்வளவு தூரம் என்பதில்தான் லென்ஸின் உயிரே இருக்கிறது. அந்தத் தூரத்தைச் சரிக்கட்ட, தயாரித்தவர்கள் மெல்லிய வளையம் ஒன்றைப் போட்டு அனுப்புவார்கள், ஷிம் என்று பேர். தாள் கனம்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் நடு பிழைக்கும், ஓரம் செத்துவிடும்.

ஓரத்தில்தான் எங்களுக்கு இரண்டு பேர் நிற்கப்போகிறார்கள்.

முடிச்சு

பாயை உதறினோம். பீரோ அடியில் டார்ச் அடித்தோம். குப்பைக்குழிக்குப் போய்க் கோழிகளோடு சேர்ந்து கிளறினோம். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் என்ன தேடுகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"பித்தளையா? வளையல் மாரி, ஆனா மெல்லிசா?"

"அதேதான்மா. எங்க?"

"சாமிக்கு முடிஞ்சிட்டேனே."

எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் துணி உண்டு. வெள்ளிக்கிழமை கூட்டும்போது காசோ உலோகமோ கிடைத்தால் அம்மா யாருடையது என்று ஒருமுறை உரக்கக் கேட்பார். பதில் வராவிட்டால் அது குலசாமிக்கு. துணியில் போட்டு முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுவார். முடிந்தால் முடிந்ததுதான். மறுபடி ஏதாவது கிடைத்தால் அதன்மேலேயே இன்னொரு துணி. பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து கோயிலுக்குப் போகிற அன்றுதான், சாமி எதிரில்தான் அவிழ்ப்பார்கள். எங்கள் பங்காளிகள் எல்லாரும் எப்போது சேர்ந்தார்கள்?

அம்மா காலையில் கேட்டிருக்கிறார். நாங்கள் அந்நேரம் கொல்லையில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தோம். அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன். அது லென்ஸ் சாமான், காலேஜுடையது, சாமிக்கு எதற்கு ஷிம் என்றெல்லாம் கத்தினேன். அம்மா மாவை உருட்டிக்கொண்டே, போட்டதை எடுத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று ஒரே கேள்வி கேட்டார். நான் பொறுப்பு என்றேன். அவர் சிரித்தார். 

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். துணியைப் பிடித்தும்விட்டேன். என் காலைப் பிடித்தது அம்மா இல்லை, தேன்மொழி.

"அவுக்காதடி."

"உங்க பெரியப்பாவுக்காகத்தான்டி ஏறிக்கினு இருக்கிறேன்."

"அதுக்குத்தான் சொல்றேன். எங்கூட்டு சண்டைக்காக உங்கூட்டு முடிச்ச அவுத்தன்னு வையி. நாளைக்கு உங்கூட்டு மாட்டுக்கு ஜொரம் வந்தாக்கூட, உங்கம்மா எங்கப்பனத்தான் நெனைக்கும். ஏற்கெனவே ஒரு மரத்துக்குப் பட்டது போதும்."

அம்மா உருண்டையைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.  அன்று மத்தியானம் அவளுக்கு மட்டும் இரண்டு அப்பளம் வந்தது.

அவிழ்க்கக் கூடாது, தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா ஒரு சலுகை கொடுத்தார். துணிக்கு மேலேயே தடவி அகலத்தைப் பிடித்தோம். கனம் பிடிபடவில்லை.

பத்திரிகை அடி முதல் நுனி வரை

கனத்தை வேறு வழியில் தேடினோம். பெட்டிக்கடையில் குளிர்பான டின் வாங்கிக் குடித்து, டின்னை வெட்டி விரித்து, காம்பஸில் பிளேடு கட்டி வளையமாக அறுத்தோம். அதைப் போட்டுத் திருகிக் கம்பளிக்குள் போனேன்.

மூலையில் அக்கா பேரின் முதல் எழுத்து எட்டிப்பார்த்தது. நான் கம்பளிக்குள்ளேயே குதித்து ஸ்டாண்டை இடித்தேன். தேன்மொழி திட்டினாள்.

இரண்டு வளையம் போட்டால் திரும்பவும் மோசம். ஒன்று போதவில்லை, இரண்டு ஜாஸ்தி. நடுவில் ஏதாவது வேண்டும். நோட்டுத் தாளை வைத்தால் திருகும்போது நசுங்கியது. கடைசியில் பால் பாக்கெட் கவரை வெட்டி டின் வளையத்தோடு சேர்த்தோம். வலது மூலைகள் இரண்டும் பளிச்சென்று வந்துவிட்டன. இடது மூலைகள் வரவில்லை.

இதற்கு மட்டும் அரை நாள் போனது. காரணம் ஒரு பிசிறு. பிளேடு அறுத்த இடத்தில் டின் கொஞ்சம் மேலே மடங்கி, கண்ணாடியை ஒரு பக்கமாகத் தூக்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது. தோசைக்கல்லைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் வளையத்தை வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்தோம். பிசிறு அமுங்கியது.

இந்த முறை தேன்மொழி உள்ளே போனாள்.  பிறகு கம்பளிக்குள்ளிருந்து என் அக்கா பத்திரிகையை அடியிலிருந்து நுனி வரை படிக்க ஆரம்பித்தாள். தாய்மாமன் பேர், மண்டபத்துப் பேர், பஸ் ரூட் வரைக்கும். ஒரு மூலை முடிந்து அடுத்த மூலை. நான்கு மூலையும் படித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். மூக்கு நுனியில் வேர்வை.

அதைப் பார்த்த கோவிந்தன் மாமா, மாப்பிள்ளை கிடைத்துவிட்டாரா என்றார்.

பாறைமேல்

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வளைவிலும் அது என் வயிற்றில் குத்தியது. ஆர்மோனியமா என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்கத் தெம்பில்லை.

பொங்கலன்று வெயில் நல்லபடியாக விழுந்தது. பாறைமேல் மூன்று வரிசை. இந்தக் கோடியில் தேன்மொழியின் அப்பா, புது வேட்டி, தோளில் துண்டு. அந்தக் கோடியில் பெரியப்பா, கையைக் கட்டிக்கொண்டு. ஒல்லியான ஆள். பூசணிக்காய் என்று எழுதியதற்கு இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நான் ஃபோகஸ் பார்த்துவிட்டு ஷீட் போடப் போகும்போது பெரியப்பா இடத்தை விட்டு வந்தார். நேராக என்னிடம்.

"மொதல்ல நான் பாக்கணும். என் மூஞ்சி எப்படி உழுவுதுன்னு."

 தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் கம்பளியைத் தூக்கிப் பிடித்தேன். அவர் குனிந்து உள்ளே போனார்.

"இன்னாமா, எல்லாம் தலகீழா தொங்குறானுங்க."

படத்தில் நேராக வரும் என்றேன். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, அவர் நிற்கப்போகிற ஓரத்தைக் காட்டினேன். அங்கே அவர் இல்லை, வெறும் பாறைதான் இருந்தது. பாறையில் ஒட்டியிருந்த பாசி கூடத் தெரிகிறது என்றார். சரி, ஆள் ஒப்புக்கொண்டார் என்று நினைத்தேன். அவர் வெளியே வரவில்லை. பூதக்கண்ணாடி மெதுவாக நகர்ந்து தம்பி நின்ற ஓரத்துக்குப் போனது. அங்கே நின்றுவிட்டது.

கம்பளிக்குள் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"காதோரம் பூரா நரச்சிப்போச்சே இவனுக்கு," என்றார். என்னிடம் சொன்னாரா தெரியாது.

வெளியே வந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு தன் கோடிக்கு நடந்தார். வெளிச்சம் கூசியிருக்கலாம். இந்தக் கோடியிலிருந்து தேன்மொழியின் அப்பா மகளைக் கூப்பிட்டு, என்ன பார்த்தார் அவர் என்று கேட்டார். அவள் மறைக்கவில்லை.

"உன் நரைய பாத்தாரு."

அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். காதோரம் மறையும்படி தலைப்பாகை கட்டினார். கட்டி முடித்ததும் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அவர் துண்டை அவிழ்க்கவில்லை.

ஷீட் போட்டு, ஷட்டரை அமுக்கினேன். டக்.

சிவப்பெல்லாம் கருப்பு

எங்கள் வீட்டுக் குளியலறையில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் ஷீட்டைக் கழுவினோம். முதலில் பாறை வந்தது, அப்புறம் வேட்டிகள், அப்புறம் முகங்கள். கதவுக்கு வெளியே அம்மா, வந்திருச்சா வந்திருச்சா என்று கேட்டுக்கொண்டே நின்றார். சிவப்புச் சேலைகள் எல்லாம் படத்தில் கருப்பாக விழுந்திருந்தன. அதற்காக மலையில் இன்றும் என்னைத் திட்டுகிற அத்தைகள் உண்டு.

இரண்டு கோடியும் கூர்மை. இந்தக் கோடியில் தலைப்பாகையின் நூல் வரைக்கும் எண்ணலாம். அந்தக் கோடியில் பெரியப்பாவின் சட்டைப் பொத்தானில் இருக்கிற நான்கு ஓட்டையும் தெரியும். கூட்டத்தில் அவர் ஒருவர் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. தலை இந்தக் கோடிப் பக்கம் திரும்பியிருக்கிறது.

இன்னொன்று எடுக்கவில்லையா என்று நிறைய பேர் கேட்டார்கள். இரண்டாவது ஷீட்டும் எடுத்தேன். அதில் எல்லாரும் நேராகப் பார்க்கிறார்கள். தேன்மொழி முதலாவதைத்தான் எடுத்துக்கொண்டாள். அதைப் பெரிதாக்கி இரண்டு பிரதி போட்டோம். அப்பாவிடம் ஒன்றை அவளே கொடுத்தாள். இன்னொன்றைச் சுருட்டி, பெரியப்பா கேரளா கிளம்புகிற அன்று அவர் பையில் செருகினாள். அவர் அந்தச் சுருளை வெளியே எடுத்து, மடங்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

இப்போது அந்தப் படம் இரண்டு வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிறது. இரண்டு பேரும் இன்னும் பேசுவதில்லை. பித்தளை வளையம் மஞ்சள் துணிக்குள்தான் இருக்கிறது.